81 மில்லிமீட்டர் குழாய்கள்

பிப்ரவரி 5, 2003
இராக்கிடம் பேரழிவு ஆயுதங்கள் இருக்கின்றன என்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பேசியதை முழுக்கப் பார்த்தேன். சின்னக் குப்பியைத் தூக்கிக் காட்டினார். ஒரு தேக்கரண்டிக்கும் குறைவான ஆந்த்ராக்ஸ் 2001-இல் அமெரிக்க செனட்டையே மூட வைத்ததாம். அப்புறம் லாரிக்குள் இயங்கும் கிருமி ஆய்வகங்கள். புகைப்படம் இல்லை, வரைபடம்தான். யாரோ ஒரு இராக்கியப் பொறியாளர் நேரில் பார்த்தாராம். அப்புறம் அலுமினியக் குழாய்கள். அணுகுண்டுக்கு யுரேனியம் செறிவூட்டத்தானாம். ராக்கெட்டுக்கு வாங்கியவை போலத்தான் தெரிகிறது என்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரதேய் ஜனவரி 27-இலேயே இதே சபையில் சொன்னாரே!

பிப்ரவரி 7
பவல் மெச்சிய, இராக் பற்றிய பிரிட்டிஷ் அரசின் ஆவணத்தில் பக்கம் பக்கமாக ஒரு ஆய்வு மாணவரின் கட்டுரை. எழுத்துப்பிழைகூட மாறவில்லை. இதை நம்பியா லண்டனிலிருந்து படை போகிறது?

பிப்ரவரி 9
தூக்கமே வரவில்லை.

பிப்ரவரி 11
அண்ணா போனில் கத்தினார். "ஹலப்ஜாவை மறந்துட்டியா? 1988-ல சொந்த நாட்டு குர்து ஜனங்க மேலயே விஷவாயு போட்டவன் சதாம். 1998-க்கு அப்புறம் நாலு வருஷம் ஆய்வாளர்களே உள்ள போகல. கவர்ன்மெண்டுக்கு நமக்குத் தெரியாதது தெரிஞ்சிருக்கும்." ஹலப்ஜாவை யார் மறுக்கிறார்கள்? அது நிரூபணமான குற்றம். இன்று கையில் ஆயுதம் வைத்திருக்கிறார் என்பது கணிப்பு. அந்தக் கணிப்பைச் சரிபார்க்க ஐ.நா. ஆயுத ஆய்வாளர்களின் தலைவர் ஹான்ஸ் பிலிக்ஸின் ஆட்கள் நவம்பரிலிருந்து உள்ளேயே இருக்கிறார்கள். தெரிந்ததை அவர்களிடம் கொடுத்தால் போய்ப் பார்த்துவிட்டு வருவார்களே. இதற்கு மட்டும் அண்ணா பதில் சொல்லவில்லை.

பிப்ரவரி 14
பவல் காட்டிய செயற்கைக்கோள் படங்களில் இரண்டு, சில வார இடைவெளியில் எடுத்தவை. அங்கே நடந்ததாகச் சொன்ன ஆயுத நடமாட்டம் வழக்கமான வேலையாகவும் இருந்திருக்கலாம் என்றார் பிலிக்ஸ்.

பிப்ரவரி 15
ஹைட் பார்க் வரை நடந்தோம். நல்ல குளிர். இப்படி ஒரு கூட்டத்தை இந்த ஊரில் பார்த்ததில்லை. கேட்பார்கள், கேட்டுத்தான் ஆகவேண்டும்.

மார்ச் 7
நைஜரிலிருந்து இராக் யுரேனியம் வாங்க முயன்றதற்குச் சான்று என்ற கடிதங்கள் போலி. எல்பரதேய் சபையிலேயே சொல்லிவிட்டார். குழாய்கள்? 81 மில்லிமீட்டர் விட்டம், இராக் ஏற்கெனவே செய்துவரும் ராக்கெட்டின் அளவு. செறிவூட்டும் மையவிலக்குக்காக வாங்கியதற்கு அத்தாட்சி இல்லை. இந்த ஒரு வாரமாக இராக் தன் அல் சமூத் ஏவுகணைகளை ஆய்வாளர்கள் கண்ணெதிரே உடைத்துக்கொண்டிருக்கிறது. மிச்ச வேலைக்கு வருடங்கள் வேண்டாம், வாரங்கள் போதாது, மாதங்கள் ஆகும் என்கிறார் பிலிக்ஸ். மாதங்கள்தானே? உளவுத் தகவல் பிசகுவது சகஜம், அதற்காக யாரையும் தூக்கில் போடச் சொல்லவில்லை. பிசகு இருக்கிறது என்று சரிபார்க்கப் போனவரே வந்து சொன்ன பிறகும் படையை அனுப்பினால் அது எப்படித் தவறுதலாகும்? அண்ணாவிடம் இதைத்தான் சொல்லவேண்டும்.

மார்ச் 17
ராபின் குக் ராஜினாமா. பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சராக இருந்தவர், உளவு அறிக்கைகளைப் படித்தவர். பேரழிவு ஆயுதம் என்று எல்லோரும் நினைக்கும் அர்த்தத்தில் இராக்கிடம் அநேகமாக எதுவும் இல்லை என்கிறார். "நமக்குத் தெரியாதது" தெரிந்த மனிதர் இவர்தானே அண்ணா?
சதாமுக்கு புஷ் கொடுத்த கெடு 48 மணி நேரம்.

மார்ச் 18
ஆய்வாளர்கள் பாக்தாத்தை விட்டுக் கிளம்பிவிட்டார்கள். இரவு நாடாளுமன்றத்தில் போருக்கு ஆதரவாக 412, எதிராக 149. அண்ணாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. நாளைக்கும் போடுவேன்.