பத்தாவது லீவில் வேலைக்கு அனுப்பும் முன்

கிருஷ்ணகிரியில் பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்த கையோடு மாங்காய் மண்டிகள் களைகட்டிவிடும். 14 வயது நிரம்பியவர் மண்டியிலோ கடையிலோ வேலை செய்யலாம். கிரானைட் குவாரிப் பக்கம் 18 வரை கூடவே கூடாது.

பிசகுவது நேரத்தில்தான். தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் வேலை கூடாது, பிறகு 1 மணி நேர ஓய்வு கட்டாயம். ஓய்வு, வேலைக்காகக் காத்திருப்பது எல்லாம் சேர்த்தே நாளுக்கு 6 மணி நேரம். இரவு 7 முதல் காலை 8 வரை வேலையே இல்லை. ஆனால் லோடு ராத்திரியில் வந்தால், "கொஞ்சம் இருந்துட்டுப் போப்பா" என்பார்கள். கூடுதல் கூலி கொடுத்தாலும் அது சட்டமீறல்.

பிறந்த தேதி, வேலை நேரம், ஓய்வு நேரம் எழுதிய பதிவேட்டை முதலாளி வைத்திருக்க வேண்டும். அதில் பிள்ளையின் பெயர் ஏறியதா என்று முதல் நாளே கேளுங்கள். 14 வயதுக்குக் கீழே யாராவது அங்கே வேலை செய்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.