மீந்த ஹாம், காலை ஆம்லெட்

டிசம்பர் 20, 2024, வெள்ளி

இன்று ஆலையில் ஆளுக்கொரு ஹாம் கொடுத்தார்கள். நம் ஊரில் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பது மாதிரி, கிறிஸ்துமஸுக்கு இங்கே அமெரிக்காவில் சில கம்பெனிகளில் இப்படி ஒரு வழக்கம். பக்கத்து மெஷினில் நிற்கும் குஜராத்தி நண்பர் சைவம். தன்னுடையதையும் என் காரில் வைத்துவிட்டுப் போனார். ஒவ்வொன்றும் எலும்போடு எட்டு பவுண்டு. மூன்று பேர் உள்ள வீட்டுக்கு ஏழு கிலோ பன்றித்தொடை. "ஒண்ணைச் சர்ச்ல குடுத்துடலாங்க, யாராவது நல்லா சாப்பிடட்டும்" என்றாள் மனைவி. அப்படியே செய்தோம்.

டிசம்பர் 25, புதன்

ஓவனில் 325 டிகிரி ஃபாரன்ஹீட்டில் ஃபாயில் மூடி, ஒன்றே முக்கால் மணி நேரம். ஏற்கெனவே வெந்த கறிதான், சூடாக்கினால் போதும். எலும்பைச் சுற்றிச் சுருள் சுருளாக வெட்டி வந்திருப்பதைப் பார்த்து மகள் அசந்துபோனாள். அப்படி வெட்டும் மெஷினைக் கண்டுபிடித்த ஹாரி ஹோன்சலார் எங்கள் டெட்ராய்ட்காரர். 1952இல் காப்புரிமை வாங்கினார், 1957இல் இங்கேயே ஹனிபேக்டு ஹாம் கடையைத் திறந்தார். தொடை சுழலும், கத்தி மெல்ல நகரும், துண்டுகள் எலும்பை விட்டுப் பிரியாமல் நிற்கும். நான் மெஷினோடு பிழைக்கிறவன், எனக்கு அது பெரிய விஷயம்.

மூன்று பேரும் வயிறார சாப்பிட்டோம். பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 26, வியாழன்

காலையில் ஆம்லெட் போட்டேன். சரியாக வரவில்லை.

ஹாமைப் பொடியாக நறுக்கி, அடித்த முட்டையில் கலந்து, நம் வெங்காய ஆம்லெட் மாதிரியே ஊற்றினேன். கொஞ்ச நேரத்தில் ஓரமெல்லாம் கறுத்துவிட்டது, நடுவில் தண்ணீர் கோத்து நிற்கிறது. நைட் ஷிஃப்ட் முடித்து வந்த மனைவி ஒரு வாய் வைத்துவிட்டு, "என்னங்க இது, கருவாடு மாதிரி உப்பு" என்றாள். பன்னிரண்டு மணி நேரம் வார்டில் நின்றுவிட்டு வந்தவளுக்கு அதைக் கொடுத்தோமே என்று எனக்கு மனசே ஆறவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

நேற்று நடந்ததையே நாள் முழுக்க யோசித்தேன். காரணம் மூன்று. ஹாமின் மேல்பூச்சு தேனும் பழுப்புச் சர்க்கரையும், அதுதான் கருகியது. இந்த வகை ஹாமை உப்புநீர் ஏற்றித்தான் பதப்படுத்துகிறார்கள், அந்த நீர்தான் வாணலியில் இறங்கியது. அந்த உப்பு போதாதென்று முட்டையிலும் போட்டிருந்தேன். வெண்ணெயும் உப்பு வெண்ணெய்.

டிசம்பர் 28, சனி

மகளை நூலகத்துக்குக் கூட்டிப்போய்விட்டு, திரும்பும்போது ஒரு கோனி ஐலண்ட் கடையில் உட்கார்ந்தோம். இந்தப் பக்கம் மூலைக்கு மூலை இருக்கும் சாப்பாட்டுக் கடைகள் இவை. சாஸேஜுக்குப் பேர் போனவை, காலையில் ஆம்லெட்டும் போடுவார்கள். அடுப்புக்கு எதிரே இடம் கிடைத்தது. வெஸ்டர்ன் ஆம்லெட் சொன்னேன். ஹாம், வெங்காயம், குடைமிளகாய் போட்டது, டென்வர் ஆம்லெட் என்றும் சொல்வார்கள். மாஸ்டர் முதலில் ஹாமை மட்டும் கல்லில் பரப்பினார். ஓரம் சிவந்த பிறகே வெங்காயம், அதற்குப் பிறகே முட்டை. உப்பு டப்பா பக்கம் அவர் கை போகவே இல்லை. நான் சாப்பிட்டதைவிடப் பார்த்ததுதான் அதிகம்.

டிசம்பர் 29, ஞாயிறு

இன்று வந்துவிட்டது!

பூச்சு ஒட்டிய வெளி ஓரத்தை வெட்டி ஒதுக்கினேன். எலும்பை ஒட்டிய கறியை மட்டும் கடலைப்பருப்பு அளவுக்கு நறுக்கி, எண்ணெய் இல்லாமல் வாணலியில் போட்டேன். முதலில் ஈரச் சத்தம், சளசளவென்று. மகள் ஸ்டூல் போட்டு நின்று கேட்டுக்கொண்டே இருந்தாள். "அப்பா, சத்தம் மாறுது" என்றாள். ஆமாம், தண்ணீர் வற்றி, கொழுப்பு கசிந்து, சடசடவென்று பொரிய ஆரம்பித்திருந்தது. இளஞ்சிவப்பாக இருந்த துண்டுகள் ஓரத்தில் செம்மண் நிறத்துக்கு வந்தன. அந்தக் கொழுப்பிலேயே சின்ன வெங்காயம் நான்கு, பச்சை மிளகாய் ஒன்று. குடைமிளகாயை விட்டுவிட்டேன், எங்கள் வீட்டு நாக்குக்குப் பச்சை மிளகாய்தான். எல்லாவற்றையும் தட்டில் எடுத்து வைத்துவிட்டு வாணலியைத் துடைத்தேன்.

உப்பில்லாத வெண்ணெய் ஒரு ஸ்பூன். அதன் நுரை அடங்கியதும் இரண்டு முட்டை, மிளகுத்தூள் மட்டும் சேர்த்து அடித்தது. ஓரத்தை உள்ளே தள்ளத் தள்ள, ஓடும் முட்டை காலியான இடத்தை நிரப்பியது. மேலே ஓட்டம் நின்றதும் ஹாமைப் பாதியில் தூவி மடித்தேன். கலக்கிக்கு மேலே, நம் கடை ஆம்லெட்டுக்குக் கீழே ஒரு பதம்.

எட்டு மணிக்கு மனைவி பனி ஒட்டிய பூட்ஸோடு வந்தாள். ஒன்றும் பேசாமல் சாப்பிட்டாள். தட்டை நீட்டி, "இன்னொண்ணு போடுங்க" என்றாள்.

டிசம்பர் 30, திங்கள்

வெட்டின ஹாம் ஃபிரிட்ஜில் மூன்றிலிருந்து ஐந்து நாள்தான் தாங்கும் என்பது அமெரிக்க வேளாண் துறையின் கணக்கு. ஃப்ரீசரில் வைத்தால் ஒன்றிரண்டு மாதம் சுவை கெடாது. உப்புப் போட்ட கறிதானே என்று நிறைய பேர் பத்து நாள் வைத்துச் சாப்பிடுகிறார்கள், தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். அந்தக் காலத்து உப்புக்கண்டம் மாதிரி உலர்த்தியது இல்லை இது, ஈரக் கறி.

ராத்திரி மீதியை எல்லாம் நறுக்கி, ஒரு வேளைக்கு ஒன்றாக ஆறு பொட்டலம் கட்டினேன். மகள் மார்க்கர் எடுத்து ஒவ்வொன்றிலும் தமிழில் ஹாம் என்று பேரும் தேதியும் எழுதினாள். 'ஹா' எழுத மட்டும் என்னிடம் கேட்டாள், தமிழ்ப் பள்ளியில் இன்னும் கிரந்த எழுத்துக்கு வரவில்லையாம்.

எலும்பைத் தூக்கிப்போட இருந்தேன். ஷிஃப்ட்டில் என்னோடு நிற்கும் அண்ணன் ஒருவர், பாட்டி காலத்தில் அலபாமாவிலிருந்து வந்த குடும்பம், மத்தியானம் அதைக் கேட்டுப் பதறிப்போனார். அமெரிக்கத் தெற்கத்திக்காரர்கள் புத்தாண்டு அன்று பன்றி எலும்போ கறியோ போட்டுப் பயறு வேகவைத்துச் சோற்றோடு சாப்பிடுவார்களாம், வருஷத்துக்கு நல்லது என்று. என்ன பயறு என்று கேட்டேன். போனில் படம் காட்டினார். நம்ம தட்டைப்பயறு!

டிசம்பர் 31, செவ்வாய்

இரண்டு கப் தட்டைப்பயறு ஊற வைத்தாயிற்று. எலும்பு பெரிய குக்கரிலும் அடங்கவில்லை, அகலப் பாத்திரத்தில்தான் வேக வேண்டும். நாளைக்குக் காலையில் ஆம்லெட், மத்தியானம் அது.