ஸ்டீம் டேபிளை வைத்து ராங்கின் சுழற்சியின் திறன் கண்ட அனுபவம்

பாய்லர் ஆபரேஷன் இன்ஜினியர் தேர்வுக்குத் தயாரானபோதுதான் ராங்கின் சுழற்சியின் (நீரை நீராவியாக்கி, டர்பைனைச் சுழற்றி, மறுபடி நீராக்கிப் பாய்லருக்கே அனுப்பும் சுற்று) திறனை, ஸ்டீம் டேபிள் என்ற நீராவிப் பண்புகளின் அட்டவணையை வைத்துக் கையால் கணக்குப் போட்டுப் பழகினேன். கம்ப்யூட்டரில் எண்ணைக் கொடுத்தால் விடை வந்துவிடும். ஆனால் வெப்பம் எங்கே போகிறது என்பது கையால் போடும்போதுதான் பிடிபடும்.

நான் எடுத்துக்கொண்டது இது: டர்பைனுக்குள் நுழையும் நீராவி 80 பார், 500 டிகிரி செல்சியஸ், அதைக் குளிர்வித்து நீராக்கும் கண்டென்சரில் 0.1 பார் அழுத்தம். எல்லாமே ஒரு கிலோ நீராவிக்கு. சூப்பர்ஹீட் (கொதிநிலையைத் தாண்டிச் சூடேறிய நீராவி) அட்டவணையில் என்தால்பி, அதாவது நீராவி சுமக்கும் ஆற்றல், 3398 கிலோஜூல்; என்ட்ரோபி, அதாவது ஆற்றல் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதன் அளவு, 6.724.

டர்பைனை விட்டு வெளியே வரும் நீராவியின் என்தால்பி அட்டவணையில் நேராகக் கிடைக்காது. பலர் திணறுவது இங்கேதான். இலட்சிய டர்பைனில் என்ட்ரோபி மாறாது. அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். 0.1 பாரில் நீரின் என்ட்ரோபி 0.649, ஆவியாவதற்கு 7.501. 6.724-இல் 0.649-ஐக் கழித்து, 7.501-ஆல் வகுத்தால் உலர்வுப் பின்னம் 0.81. அதாவது எடையில் 19 சதவீதம் நீர்த்துளி. மாலியர் சார்ட்டில் (என்தால்பியையும் என்ட்ரோபியையும் அச்சுகளாகக் கொண்ட நீராவி வரைபடம்) ஸ்கேலைச் செங்குத்தாக வைத்து 0.1 பார் கோடு வரை இறங்கிப் பார்த்தேன், அதே 0.81. பிறகு 0.1 பாரில் நீரின் என்தால்பி 191.8-உடன், ஆவியாவதற்கான 2392.8-இன் 0.81 பங்கைக் கூட்டினால், வெளியேறும் நீராவியின் என்தால்பி 2130. 3398-இல் அது போக, டர்பைன் தரும் வேலை 1268 கிலோஜூல்.

நீரைப் பாய்லருக்குத் திரும்பத் தள்ளும் பம்பின் வேலையைக் காண்பது சுலபம். நீரின் கன அளவு 0.00101-ஐ அழுத்த வேறுபாட்டால் பெருக்கினால் போதும். பாரைக் கிலோபாஸ்கலாக மாற்றிக்கொள்ளுங்கள். வருவது வெறும் 8 கிலோஜூல். நீராவியை முழுக்க நீராக்கிவிட்டு அழுத்துவதால் கிடைக்கும் லாபம் இது. இந்தச் சுழற்சியின் அழகே இதில்தான் என்பேன்.

நிகர வேலை 1260. பாய்லருக்குள் நுழையும் நீரின் என்தால்பி 191.8-உம் பம்பின் 8-உம் சேர்ந்து 200. பாய்லரில் கொடுத்த வெப்பம், 3398-இல் அந்த 200 போக, 3198. திறன் 39.4 சதவீதம்.

மீதி 1938 கிலோஜூல் கண்டென்சரின் குளிர்நீரோடு போய்விடுகிறது. கண்ட்ரோல் ரூமில் கண்டென்சரின் வேக்குவம் கொஞ்சம் குறைந்தாலே (அதாவது உள்ளே அழுத்தம் ஏறினாலே) ஏன் பதறுகிறார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. கண்டென்சரை 0.075 பாருக்கு இறக்கி மறுபடி போட்டேன்: 40.2 சதவீதம். முக்கால் புள்ளி அளவுக்கு ஏற்றம். இரவும் பகலும் ஓடும் யூனிட்டில் அது எத்தனை டன் நிலக்கரி என்று நினைத்துப் பாருங்கள்.

டர்பைனின் ஐசென்ட்ரோபிக் திறனை (இலட்சிய டர்பைனின் வேலையில் நிஜ டர்பைன் தரும் பங்கு) 85 சதவீதமாக வைத்தால், 0.1 பாரிலேயே, வேலை 1078 ஆகிறது. மொத்தத் திறன் 33.5-க்கு இறங்குகிறது. உலர்வு மட்டும் 0.89-க்கு ஏறும், கடைசிப் பிளேடுகளுக்கு அது நல்லது. ஒரு யூனிட் மின்சாரம் என்பது 860 கிலோகலோரி. அதை 0.335-ஆல் வகுத்தால் ஹீட் ரேட், அதாவது ஒரு யூனிட் மின்சாரத்துக்குத் தேவைப்படும் வெப்பம், ஏறக்குறைய 2570 கிலோகலோரி. பாய்லர் இழப்பு இதில் சேரவில்லை.

இது கைக்கு வந்தபின் ரீஹீட்டையும் (டர்பைனில் பாதி வேலை செய்த நீராவியை மறுபடி சூடாக்குவது) ஃபீட் வாட்டர் ஹீட்டரையும் (பாய்லருக்குப் போகும் நீரை முன்கூட்டியே சூடாக்குவது) சேர்த்துப் போடுங்கள். ரீஹீட்டில் வெப்பம் இரண்டு இடத்தில் உள்ளே போகிறது. வகுக்கும்போது இரண்டையும் கூட்டிக்கொள்ள வேண்டும்.