மீன் தொட்டி வெப்பமானிக்கு நீர்க்காப்பு: துளையில்லாமல் சார்ஜ் ஏற்றிய அனுபவம்

வீட்டின் பின்புறத்தில் கப்பி மீன்களும் அல்லியும் வளரும் ஒரு சிமென்ட் தொட்டி இருக்கிறது. அதன் நீர் பகலில் எவ்வளவு சூடேறுகிறது, இரவில் எவ்வளவு ஆறுகிறது என்று பதிவு செய்ய, ஈ.எஸ்.பி.32 பலகை (நிரல் எழுதி இயக்கும் சிறு கணினிப் பலகை), டி.எஸ்.18பி20 வெப்ப உணரி, ஒரு 18650 லித்தியம் செல் (உருளை வடிவ ரீசார்ஜ் பேட்டரி), டி.பி.4056 சார்ஜர் ஆகியவற்றை இணைத்துச் சிறிய கருவி ஒன்றைச் செய்தேன். மின்சுற்றும் நிரலும் மேசைமேல் ஒழுங்காக ஓடுகின்றன. அவற்றைப் பற்றி ஏற்கெனவே பலர் விரிவாக எழுதியிருப்பதால் இங்கே விட்டுவிடுகிறேன். கருவி தொட்டியில் மிதந்தபடியே வடகிழக்குப் பருவமழையைத் தாங்க வேண்டும் என்பதே இந்தக் குறிப்பின் விஷயம்.

சார்ஜ் ஏற்றத் தேவையில்லாத கருவியாக இருந்தால் வேலை எளிது. எல்லாவற்றையும் எபாக்சியில் (கெட்டியாக இறுகும் பிசினில்) மூழ்கடித்துவிட்டு மறந்துவிடலாம். சார்ஜ் ஏற்ற வேண்டும் என்றதும் பெட்டியில் ஒரு வாசல் வைக்க வேண்டியதாகிறது. நீர் வருவதும் பெரும்பாலும் அந்த வாசல் வழியாகத்தான். யு.எஸ்.பி. துளைக்கு ரப்பர் மூடி போடும் வழக்கம் உண்டு. ஆனால் அந்த மூடியைத் திறந்து மூடும் ஒவ்வொரு முறையும் ஒரு மணல்துகளோ பாசி இழையோ விளிம்பில் ஒட்டிக்கொண்டால் போதும், மூடியால் பயனில்லை. காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும் பித்தளை முனைகளைப் பெட்டிக்கு வெளியே வைப்பது இன்னொரு வழி. அதில் முனைகளுக்கிடையே மின்னழுத்தம் இருக்கும் வரை ஈரம் பட்டதும் மின்னாற்பகுப்பு தொடங்கி, நேர்முனை பச்சையாகப் பூத்து அரிக்கப்படும். உள்ளே ஒரு டயோடு (மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் உறுப்பு) வைத்து, செல்லின் மின்சாரம் முனைகளுக்கு வராமல் தடுத்தால் அரிப்பு வெகுவாகக் குறையும். என்றாலும் பெட்டியின் சுவரில் இரண்டு துளைகள் போட்டது போட்டதுதான். அதனால் சுவரைத் துளைக்காமல் கம்பியில்லா சார்ஜிங்கைப் பயன்படுத்துவது என்று முடிவு செய்தேன்.

பெட்டியாக, மின்கடையில் கிடைக்கும் ஜங்ஷன் பாக்ஸ் ஒன்றை எடுத்துக்கொண்டேன். மூடி ஒளிபுகும் பாலிகார்பனேட். நான்கு மூலைத் திருகுகளும் ரப்பர் வளையத்துக்கு வெளியே இருக்கின்றன. மேலே ஐ.பி.67 என்று அச்சிட்டிருக்கிறார்கள். அந்த எண்ணுக்கு, 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் இருந்தும் தீங்கு தரும் அளவுக்கு நீர் உள்ளே புகக்கூடாது என்பது பொருள். அந்தச் சோதனையில் நீரின் வெப்பநிலைக்கும் பொருளின் வெப்பநிலைக்கும் 5 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது என்ற விதியும் இருக்கிறது. நம் ஊரில் நடப்பதோ வேறு: நண்பகல் வெயிலில் பெட்டி கொதிக்கும், பிற்பகலில் திடீரென்று மழை கொட்டும்.

அந்த நேரத்தில் பெட்டி மூச்சு விடுகிறது. உள்ளிருக்கும் காற்று 27 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடானால், கெல்வின் கணக்கில் 300 என்பது 323 ஆகிறது. பெட்டி முற்றிலும் இறுக்கமாக இருந்தால் உள்ளழுத்தம் 1010 ஹெக்டோபாஸ்கலிலிருந்து (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) ஏறத்தாழ 1087 வரை ஏறும். கசிவு இருந்தால் அந்த மிகுதிக் காற்று மெல்ல வெளியேறிவிடும். பிறகு மழை பெட்டியைக் குளிர்விக்கும்போது ஏறத்தாழ அதே அளவு வெற்றிடம் உள்ளிருந்து இழுக்கும். 77 ஹெக்டோபாஸ்கல் என்பது சுமார் 80 சென்டிமீட்டர் உயர நீரின் அழுத்தம். நீர்ப்பரப்பில் மிதக்கும் பெட்டி, ஏறத்தாழ முக்கால் மீட்டர் ஆழத்தில் கிடப்பதைப் போன்ற நெருக்கடிக்கு அப்போது ஆளாகிறது. அழுத்தம் வெளியிலிருந்து வராமல் உள்ளிருந்து உறிஞ்சுகிறது என்பது மட்டுமே வித்தியாசம்.

இதைக் கணக்கோடு விடாமல் அளந்தும் பார்த்தேன். அழுத்தம், ஈரப்பதம், வெப்பநிலை மூன்றையும் தரும் பி.எம்.இ.280 உணரியைப் பெட்டிக்குள் வைத்தேன். அழுத்தத்தைக் கெல்வின் வெப்பநிலையால் வகுத்தால், இறுக்கமான பெட்டியில் அந்த விகிதம் பகலிலும் இரவிலும் மாறாது. மூடியோடு வந்த நுரை ரப்பர் பட்டையை வைத்து மூடியபோது விகிதம் சில மணி நேரத்திலேயே சரிந்து, உள்ளழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தோடு ஒன்றாகிவிட்டது. அதை எடுத்துவிட்டு, உருண்டையான சிலிகான் ரப்பர் கயிற்றைப் பள்ளத்தில் பதித்து, சிலிகான் கிரீஸ் தடவி, திருகுகளைக் குறுக்குக்குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கினேன். அதன் பிறகு விகிதம் அசையவில்லை. மூடி சற்றே உப்புவதால் அழுத்தம் கணக்கில் வருவதைவிடச் சிறிது குறைவாகவே ஏறுகிறது. அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. பெட்டிக்குள் டிஷ்யூ காகிதம் வைத்து வாளியில் அமுக்கிப் பார்ப்பதைவிட இந்தச் சோதனை பல மடங்கு நுட்பமானது என்பது என் கருத்து. நீர் புகும் அளவுக்கு ஓட்டை பெரிதாவதற்கு முன்பே காற்று காட்டிக்கொடுத்துவிடுகிறது.

காற்றை விட்டு நீரைத் தடுக்கும் சவ்வு பொருத்தினால் இந்த அழுத்தப் பிரச்சினையே எழாது என்பது உண்மைதான். தெருவிளக்குகளில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தச் சவ்வு நீராவியையும் உள்ளே விடும். நீர்ப்பரப்பை ஒட்டி எப்போதும் ஈரக்காற்றில் கிடக்கும் பெட்டிக்கு அது ஒத்துவராது என்று விட்டுவிட்டேன்.

உள்ளே அடைபடும் காற்றும் கவனிக்க வேண்டியதே. 30 டிகிரியும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றுக்குப் பனிநிலை, அதாவது ஈரம் நீர்த்துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலை, சுமார் 25 டிகிரி. அந்தக் காற்றோடு மூடினால், மழைக்கால இரவில் வெளியிலிருந்து ஒரு சொட்டும் வராமலேயே மூடியின் உட்புறம் வியர்க்கும். ஏ.சி. அறையில் 25 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் மூடினால் பனிநிலை 14 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. எங்கள் தொட்டி அவ்வளவு குளிர்வதில்லை. கூடவே நிறம் மாறும் சிலிகா ஜெல் பொட்டலம் ஒன்றையும் வைத்திருக்கிறேன். ஆரஞ்சு நிறம் பச்சையாகிறதா என்று மூடி வழியாகவே பார்த்துக்கொள்ளலாம்.

உணரியின் கேபிள் வெளியேறும் இடத்தில் மட்டும் ஒரு துளை தவிர்க்க முடியாதது. பி.ஜி.7 கிளாண்டு (கேபிளைச் சுற்றி இறுக்கித் துளையை அடைக்கும் திருகு மூடி) அந்தக் கேபிளுக்குப் பொருந்துகிறது. கிளாண்டு கேபிளின் மேலுறையை மட்டுமே இறுக்கும். எங்காவது உறை கிழிந்தால், உள்ளிருக்கும் மூன்று கம்பிகளுக்கும் உறைக்கும் நடுவிலுள்ள இடைவெளி வழியாக நீர் திரியில் ஏறும் எண்ணெய்போல் நடந்து வந்துவிடும். ஆகவே பெட்டிக்குள் கேபிள் முடியும் இடத்தில் மேலுறையைச் சீவி, கம்பிகளைப் பிரித்து, எபாக்சியை ஊற்றி அடைத்தேன். இங்கே சிலிகான் பயன்படுத்த விரும்புவோர் வினிகர் வாடை வருவதை வாங்க வேண்டாம். அது உலரும்போது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் செம்பை அரிக்கும். மின்னணுச் சாதனங்களுக்கு நியூட்ரல் கியூர் என்று குறிப்பிட்ட வகையே ஏற்றது. செல்லின் நேர்முனை அருகே எந்தப் பசையும் படக்கூடாது, ஏனெனில் அழுத்தம் மிகுந்தால் வாயு வெளியேறும் வழி அங்கேதான் இருக்கிறது.

இனி சார்ஜிங். கைபேசிகளின் கம்பியில்லா சார்ஜிங்குக்கான 'சீ' (Qi) தரநிலையில் இயங்கும் சிறிய ஏற்புச் சுருளை மூடியின் உட்புறம் இருபக்க டேப்பால் ஒட்டினேன். மூடியின் தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர், அந்த இடைவெளியை மின்காந்தப் புலம் சிரமமின்றிக் கடக்கிறது. சுருளின் பின்புறமுள்ள கருப்பு ஃபெரைட் தகடு செல்லின் பக்கம் இருக்க வேண்டும்; அது இல்லாவிட்டால் செல்லின் எஃகு உறையில் சுழல்மின்னோட்டம் உண்டாகி, ஆற்றல் வெப்பமாக வீணாகும். நடுமையம் சற்று விலகினாலும் சார்ஜர் திணறுவதால், மூடியின் வெளிப்புறத்தில் மார்க்கரால் வட்டம் வரைந்து வைத்திருக்கிறேன்.

வெப்பம்தான் இங்கே பெரிய தொல்லை. டி.பி.4056 மிகுதி மின்னழுத்தத்தை வெப்பமாகவே கழிக்கும் வகை. கடையில் வரும்படியே 1 ஆம்பியரில் ஏற்றினால், செல் 3.7 வோல்ட்டில் இருக்கும்போது 1.3 வாட் வெப்பம் காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் தேங்கும். பலகையிலுள்ள 1.2 கிலோ ஓம் மின்தடையை எடுத்துவிட்டு 4 கிலோ ஓம் வைத்ததும் மின்னோட்டம் 300 மில்லி ஆம்பியராகவும், அந்த வெப்பம் 0.4 வாட்டாகவும் குறைந்தன. 2600 மில்லி ஆம்பியர்-மணி செல் நிறைய 9 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. 45 டிகிரிக்கு மேல் லித்தியம் செல்லுக்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது என்பதால், வெயிலில் கிடந்த கருவியை எடுத்த கையோடு சார்ஜரில் வைப்பதில்லை. இரவில் வீட்டுக்குள் வைத்துத்தான் ஏற்றுகிறேன்.

கருவி இப்போது தொட்டியில் மிதக்கிறது; சிலிகா ஜெல் இன்னும் ஆரஞ்சு நிறத்திலேயே இருக்கிறது. அடுத்ததாக, உள்ளழுத்த விகிதம் ஒரு வரம்புக்குக் கீழே இறங்கினால் கைபேசிக்கு எச்சரிக்கை அனுப்பும்படி நிரலை மாற்றப் போகிறேன். வெளிக்காற்றின் அழுத்தமே ஒரே நாளில் சில ஹெக்டோபாஸ்கல் ஏறி இறங்குவதால், பொய் எச்சரிக்கை வராதபடி அந்த வரம்பை எங்கே வைப்பது என்று மழைக்காலப் பதிவுகளைப் பார்த்த பிறகே தீர்மானிக்க முடியும்.