கேமராவின் முகம் எந்தப் பக்கம்?

எங்கள் ஊர் ரயில்வே கேட்டில் போன மாதம் கேமரா வைத்துவிட்டார்கள். பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் திக்கென்றது. கேட் போட்ட பிறகு குனிந்து போன கூட்டத்தில் நானும் ஒருவன். காலேஜ் போகிற நாளில் சைக்கிளைச் சாய்த்துப் படுக்கப் போட்டு, கம்பிக்கு அடியில் இழுத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய் நிமிர்வது பெரிய வீரமாகத் தெரிந்தது. கேட் கீப்பர் கத்துவார், நாங்கள் சிரித்துக்கொண்டே ஓடுவோம். இன்றைக்கு நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

சரி, கிட்டே போய்ப் பார்த்தேன். கேமரா ரோட்டைப் பார்க்கவில்லை, கேபினையும் கேட்டையும்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2025 ஜூலை 8 காலையில், கடலூர் பக்கம் செம்மங்குப்பத்தில், விழுப்புரத்திலிருந்து மயிலாடுதுறை போன பாசஞ்சர் வண்டி ஸ்கூல் வேன் மீது மோதி மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள். வேன் டிரைவர் கேட்டுக்கொண்டதால்தான் கேட்டைத் திறந்துவிட்டதாக முதலில் செய்தி வந்தது, கேட்டை மூடவே இல்லை என்று அப்புறம் வந்தது. அன்றைக்கு அங்கே ஒரு கேமரா இருந்திருந்தால் அந்தச் சண்டைக்கே இடமில்லை. அதன் பிறகுதான் எல்லா கேட்டிலும் கேமரா வைக்க வேண்டும், கேட் கீப்பரும் ஸ்டேஷன் மாஸ்டரும் போனில் பேசுவதன் பதிவையும் எடுத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்று ரயில்வே அமைச்சர் உத்தரவு போட்டார்.

தேவையான உத்தரவுதான். ஆனால் செம்மங்குப்பம் கேட்டில் அன்றைக்கு இன்டர்லாக்கிங், அதாவது கேட்டையும் சிக்னலையும் பிணைக்கிற ஏற்பாடு, இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது. இன்டர்லாக்கிங் இருந்தால் கேட் மூடிப் பூட்டு விழாமல் சிக்னல் பச்சைக்கு மாறாது, கேட் கீப்பர் தூங்கியே போனாலும் வண்டி சிகப்பில் நிற்கும். இல்லாத இடத்தில் ஸ்டேஷனிலிருந்து போன் வரும், இவர் கேட்டைப் போட்டுவிட்டு ஒரு ரகசிய நம்பர் சொல்லுவார், அவ்வளவுதான் பாதுகாப்பு. போடாமலே நம்பரைச் சொல்லிவிட்டால் தடுக்க எதுவும் இல்லை. நடந்ததைக் கேமரா காட்டும், வண்டியை நிறுத்தாது.

என் ஆதங்கம் வேறு. கேட் கீப்பரைக் கண்காணிக்கிறோம், அவர் கழுத்தைப் பிடிக்கிற நம்மை யார் கண்காணிப்பது? இரவு பதினொரு மணிக்கு ஒற்றை ஆளாக உட்கார்ந்திருப்பவரிடம் நாலு பேர் போய், "வண்டிதான் இன்னும் வரலையே, தூக்குங்க" என்று மிரட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். மூடின கேட்டை வெளி ஆள் திறந்தால் ரயில்வே சட்டம் 160-ஆம் பிரிவில் மூன்று வருடம் வரை, உடைத்தால் ஐந்து வருடம் வரை ஜெயில். கேட்டில் நிற்கிறவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்து ப்ளூ லைன் ரயில் 1990-இல் ஓட ஆரம்பித்தபோது அவர்களுக்கும் இதே தலைவலி. அங்கே கேட் தானாக இறங்கும், ஆனால் பாதி ரோட்டுக்குத்தான் கம்பி, அதனால் கார்க்காரர்கள் பாம்பு மாதிரி வளைந்து புகுந்து போனார்கள். ரோட்டுக்கு அடியில் கம்பிச் சுருள் புதைத்து, கேட் இறங்கின பிறகு எந்த வண்டி அதன் மேல் ஏறினாலும் நம்பர் பிளேட்டையும் ஓட்டுகிறவர் முகத்தையும் படம் பிடித்து வீட்டுக்கு அபராதம் அனுப்பினார்கள். முகம் எதற்கு என்றால், அந்த ஊர்ச் சட்டப்படி ஓட்டினவர்தான் குற்றவாளி, வண்டிச் சொந்தக்காரர் இல்லை. கேமரா வைத்த இடங்களில் புகுந்து போவது வெகுவாகக் குறைந்தது.

அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் வேலை செய்யாது. நம் ஊரில் கம்பி முழு ரோட்டையும் அடைக்கும், காரால் நுழைய முடியாது. நுழைவது பைக். பின்னால் இருப்பவர் இறங்குவார், ஓட்டுகிறவர் கண்ணாடியை மடக்கி, வண்டியைத் தரைக்குக் கிட்டத்தட்ட சாய்த்து, கம்பிக்குள் தலையைக் கொடுப்பார். அந்தக் கோணத்தில் நம்பர் பிளேட் வானத்தைப் பார்க்கும். எந்தக் கேமரா படிக்கும்?

ஆனால் ஒன்றை நிச்சயம் பிடிக்கலாம். கேட் போட்டதும் இடது பக்கம் வரிசை நிற்கும், ஐந்தே நிமிடத்தில் வலது பக்கமும் நிரம்பிவிடும், எதிர்ப்பக்கத்திலும் இதே கதை. திறந்தவுடன் இரண்டு படையும் தண்டவாளத்தின் மேலேயே மூக்கோடு மூக்கு முட்டி நிற்கும். அடுத்த வண்டிக்குக் கேட் போடச் சொல்லி போன் வந்திருக்கும், போட முடியாது. வலது பக்கம் ஏறி நிற்கிற வண்டியின் நம்பர் கேமராவுக்கு ஜம்மென்று தெரியும், நகரத்து சிக்னலில் இ-சலான் போடுவது போல இங்கேயும் போடலாம். ரோடு டிராஃபிக் போலீஸுக்கு, தண்டவாளம் ரயில்வே பாதுகாப்புப் படையான ஆர்பிஎஃபுக்கு என்று இரண்டு துறை இருப்பதால்தான் யாரும் கையில் எடுக்கவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

நேற்று கேட் கீப்பரிடம் இதைச் சொன்னேன். "அதை ரோட்டுப் பக்கம் திருப்பச் சொல்லுங்க சார், எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்ல" என்றார். அதற்குள் போன் அடித்தது. நம்பர் சொல்லிவிட்டு கேட்டை இறக்குகிற ராட்டையைச் சுற்ற எழுந்தார், கம்பி பாதி இறங்கும்போதே ஒரு பால் வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு அடியில் புகுந்து போனது.