பழைய மூன்றடித் தொட்டியை மீனுக்குத் தயார் செய்த கதை

மூன்றடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கண்ணாடி 8 மி.மீ. இரும்பு ஸ்டாண்டும் மூடியும் சேர்த்து 3,500 ரூபாய். பெரம்பூரில் வீடு காலி செய்துகொண்டிருந்த ஒருவரிடம் வாங்கினேன். புதிதாக அடித்துத் தர கடையில் கேட்ட விலையில் இது பாதிகூட இல்லை. ஆனால் பழைய தொட்டி என்றால் விலை பேசுவதற்கு முன்னால் அதன் பூர்வோத்திரத்தை விசாரித்துவிட வேண்டும். என்ன மீன் இருந்தது, ஏன் செத்தது, என்ன மருந்து ஊற்றினார்கள், எப்போதிலிருந்து காய்ந்து கிடக்கிறது?

இந்தத் தொட்டியின் நான்கு மூலையிலும் சிலிக்கான் நீலமாக இருந்தது. கேட்டேன். "வெள்ளைப்புள்ளி வந்துச்சு தம்பி, கடைல ஒரு நீல மருந்து குடுத்தாங்க, ஊத்தினோம்" என்றார். மெத்திலீன் புளூவாக இருக்கும். அது சிலிக்கானில் ஏறினால் போகாது, பார்க்கத்தான் அசிங்கம், மீனுக்கு ஒன்றும் செய்யாது. வெள்ளைப்புள்ளிக் கிருமியும் மீன் உடம்பில்லாமல் நாள்கணக்கில்தான் தாங்கும். மாதக்கணக்கில் காய்ந்த தொட்டியில் அதைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. செம்பு கலந்த மருந்து என்றால்தான் யோசிக்க வேண்டும், பின்னால் இறால், நத்தை விடும் எண்ணம் இருந்தால். இன்னொன்றையும் கேட்டேன்: "மெலிஞ்சு, முதுகு வளைஞ்சு, புண் வந்து ஏதாவது செத்துச்சா சார்?" மீன்களுக்கு வரும் காசநோய் அப்படித்தான் காட்டும். அந்தக் கிருமி சாதாரண பிளீச்சுக்கு லேசில் அசையாது, கையில் வெட்டுக்காயம் இருந்தால் நமக்கும் தொற்றும். அப்படி எதுவும் இல்லை என்றார். இருந்தாலும் கழுவும்போது கையுறை போட்டுக்கொண்டேன்.

கண்ணாடியையும் டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் கீறல் இருந்தால் பரவாயில்லை. விளிம்பில் சில்லு பெயர்ந்திருந்தால்தான் ஆபத்து, தண்ணீர் அழுத்தத்தில் அங்கிருந்துதான் விரிசல் ஓடும். மேல்பக்கம் குறுக்கே ஒட்டிய பட்டைக் கண்ணாடிகள் உறுதியாக இருந்தன. உள்ளே கிடந்த கலர் கற்களை அவரிடமே விட்டுவிட்டேன். பழைய அழுக்கு காய்ந்து ஒட்டிய கல்லைக் கழுவிக் கழுவிச் சாவதற்குப் புதுக் கல் வாங்கிவிடலாம்.

குட்டி யானையில் பழைய மெத்தையைப் போட்டு ஏற்றினோம். வெறும் கண்ணாடியே சுமார் 30 கிலோ. அடிக்கண்ணாடிக்குக் கீழே கைகொடுத்துத் தூக்க வேண்டும், மேல் பட்டையைப் பிடித்துத் தூக்கினால் ஒட்டு விட்டுவிடும்.

வந்ததும் எல்லாரும் தேய்த்துக் கழுவத்தான் உட்காருவார்கள். ஒழுகுகிறதா என்று முதலில் பார்ப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. ஒழுகி உதவாத தொட்டியைப் பளபளப்பாக்கி என்ன பயன்? எங்கள் குடியிருப்பின் கார் நிறுத்துமிடத்தில், சமதளமான தரையில் தெர்மாகோல் விரித்துத் தொட்டியை வைத்தேன். சுற்றிலும் நாளிதழ் பரப்பினேன், ஈரம் பட்டால் உடனே காட்டிக்கொடுக்கும். மூன்றில் ஒரு பங்கு நிரப்பிச் சில மணி நேரம், இன்னொரு பங்கு, பிறகு முழுதும் நிரப்பி ஒரு இரவு. வாட்ச்மேன் அண்ணன் தன் நாற்காலியை எடுத்துத் தள்ளிப் போட்டுக்கொண்டார். காலையில் பின்பக்க இடது மூலையில் மட்டும் நாளிதழ் உள்ளங்கை அளவுக்கு நனைந்திருந்தது. சொட்டவில்லை, கசிவுதான்.

கசிகிற இடத்தில் மட்டும் புதுச் சிலிக்கானை அப்பினால் நிற்காது. பழைய சிலிக்கான் மேல் புதியது சரியாகப் பிடிக்காது. அதனால் உள்பக்க ஓரப்பட்டை முழுவதையும் எடுத்துவிட்டுப் புதிதாகப் போடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு முன்னால் கழுவும் வேலை.

கண்ணாடியில் நீர்மட்டம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு உப்புக்கோடு. நம் போர் தண்ணீர் போட்ட கையெழுத்து அது. வினிகரில் நனைத்த துணியை அதன்மேல் ஒட்டிவைத்து அரை மணி நேரம் விட்டால் இளகிவிடும், பிறகு பழைய பிளேடைச் சாய்த்துப் பிடித்து ஒரே திசையில் சுரண்ட வேண்டும். மிச்சத்துக்குக் கல்லுப்பு போட்டுத் தேய்த்தேன். சோப்பு, பாத்திரம் தேய்க்கும் திரவம் எதையும் பக்கத்தில் கொண்டுவரக் கூடாது, சிலிக்கானில் தங்கிவிடும். வினிகர் வாடை துளியும் இல்லாதபடி அலசிய பிறகுதான் பிளீச்: வாசனை சேர்க்காத திரவ பிளீச் ஒரு பங்குக்குத் தண்ணீர் இருபது பங்கு. கால் மணி நேரம் ஊறவிட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தேன். வினிகரும் பிளீச்சும் ஒன்றாகக் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும், அது விளையாட்டல்ல. இரண்டுக்கும் நடுவில் நன்றாக அலசியே ஆக வேண்டும்.

அடுத்தது சிலிக்கான். ஹார்டுவேர் கடையில் சிலிக்கான் என்று கேட்டால் குளியலறைக்குப் போடும் வகையை எடுத்துத் தருவார்கள். பூஞ்சை பிடிக்காமலிருக்க அதில் மருந்து சேர்த்திருப்பார்கள், மீனுக்கு ஆகாது. டியூபில் மீன் தொட்டிக்கு என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து வாங்கினேன். உள்பக்கப் பட்டையை பிளேடால் உரித்தபோது, இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில் இருக்கும் மெல்லிய ஒட்டைத் தொடவில்லை. தொட்டியைப் பிடித்து நிறுத்துவதே அதுதான். அசிட்டோனால் துடைத்து, மூலையின் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுவில் சிலிக்கானை ஒரே இழுப்பாக இழுத்து, ஈரவிரலால் நீவி, மேலே ஆடை கட்டுவதற்குள் டேப்பை உரித்துவிட வேண்டும். அந்த நாலைந்து நிமிடங்களில் யாராவது கூப்பிட்டால் காது கேட்காதவர்போல இருந்துவிடுவது நல்லது. சிலிக்கான் காற்றின் ஈரத்தை இழுத்துத்தான் இறுகும், அந்த வகையில் சென்னைக் காற்று நமக்கு உதவி. அவசரப்படாமல் ஒரு வாரம் விட்டேன். சிலிக்கான் இறுகும்போது வரும் புளிப்பு வாடை முழுசாகப் போன பிறகு மறுபடி அதே நாளிதழ்ச் சோதனை. இந்த முறை எல்லாத் தாளும் காய்ந்தே இருந்தது.

எங்கே வைப்பது என்பதில் வீட்டில் ஒரு மாநாடே நடந்தது. எதிர்வீட்டு மாமா வந்து, "ஈசானிய மூலைல வைப்பா, எட்டு கோல்டு ஃபிஷ், ஒரு கறுப்பு" என்றார். எங்கள் வீட்டு ஈசானிய மூலையில் ஜன்னல், காலை வெயில் நேராக விழும். அங்கே வைத்தால் பாசியும் சூடும்தான் மிஞ்சும். கோல்டு ஃபிஷ் கழிவும் ரொம்ப அதிகம், ஒன்பதை வைத்துக்கொண்டு இந்தத் தொட்டியால் மாளாது. தொட்டி 160 லிட்டர் பிடிக்கும். கண்ணாடி, கல், ஸ்டாண்டு எல்லாம் சேர்த்தால் 200 கிலோவைத் தாண்டும். சுவரை ஒட்டி, தூண் பக்கமாக வைத்தேன். ரசமட்டம் வைத்துப் பார்த்ததில் ஸ்டாண்டின் ஒரு கால் தூக்கிக்கொண்டிருந்தது. ரப்பர் துண்டு கொடுத்துச் சரிசெய்து, மேலே தெர்மாகோல் போட்டுத் தொட்டியை இறக்கினோம்.

மீனை முதலில் மனதில் வைத்துக்கொண்டு தண்ணீரை அதற்கேற்ப மாற்ற நினைப்பவர்கள்தான் அதிகம். எனக்கு அது வம்பாகப் பட்டது. எங்கள் சம்ப்பில் மெட்ரோ வாட்டரும் போர் தண்ணீரும் கலந்து கிடக்கும். தண்ணீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் 850 காட்டியது, அமில-காரத் தன்மையைச் சொல்லும் பிஎச் 8 பக்கம். நியான் டெட்ரா போன்ற மீன்கள் கேட்பது மென்னீர். ஆர்.ஓ. தண்ணீரை வாளி வாளியாகக் கலந்து எத்தனை காலம் ஓட்டுவது? பிளாட்டி, மோலி, கப்பி இவற்றுக்குக் கடினநீர் ஒத்துக்கொள்ளும், மோலி அதை விரும்பவே செய்யும். சரி, பிளாட்டியும் மோலியும் என்று முடிவாயிற்று. மெட்ரோ வாட்டரில் குளோரின் இருக்கும், டிடிஎஸ் மீட்டர் அதைக் காட்டாது. அதனால் ஒவ்வொரு முறையும் ஆன்ட்டி குளோரின் கலந்தே ஊற்றுகிறேன்.

புதுக் கல்லில் நாலைந்து பொறுக்கி வினிகர் விட்டுப் பார்த்தேன். நுரைத்தால் சுண்ணாம்பு, தண்ணீரை இன்னும் கடினமாக்கும். நுரைக்கவில்லை. ஃபில்டருக்கு இரட்டை ஸ்பாஞ்சும் ஏர் பம்ப்பும் போதும் என்று இருந்துவிட்டேன். ஏர் பம்ப்பை நீர்மட்டத்துக்குக் கீழே வைத்தால் கரண்ட் போகும்போது தண்ணீர் டியூப் வழியாகப் பின்னோக்கி வந்து பம்ப்பைக் கெடுக்கும். நடுவில் ஒருவழி வால்வு மாட்டினால் தீர்ந்தது. பம்ப் இன்வெர்ட்டர் லைனில் ஓடுகிறது. கடையில் ஹீட்டரும் வாங்கச் சொன்னார்கள். இந்த ஊரில் மே மாதம் தொட்டியில் தண்ணீர் 31, 32 டிகிரிக்கு ஏறும், அதைக் குறைக்க ஃபேன்தான் வேண்டும்.

இத்தனையும் முடித்துத் தண்ணீர் நிரப்பி விளக்கைப் போட்டால் தொட்டி தயார்போலவே இருக்கும். வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். என் கணக்கில் வேலை அப்போதுதான் ஆரம்பம். மீன் வெளியேற்றுவது அம்மோனியா. அதை நைட்ரைட்டாக்க ஒரு வகை பாக்டீரியா, நைட்ரைட்டை நைட்ரேட்டாக்க இன்னொரு வகை. முதலிரண்டும் மீனுக்கு விஷம். நைட்ரேட் அவ்வளவு கெடுதல் இல்லை, தண்ணீர் மாற்றினால் குறைந்துவிடும். இந்தப் பாக்டீரியாக்கள் ஸ்பாஞ்சிலும் கல்லிலும் குடியேறிப் பெருகச் சாதாரணமாக நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். நம் தண்ணீரில் இது இன்னும் முக்கியம். பிஎச் 7லிருந்து 8க்குப் போனால், அதே அளவு அம்மோனியாவில் விஷமாக இருக்கும் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. சூடு கூடினால் அதுவும் கூடும்.

பாக்டீரியாவுக்குச் சாப்பாடு வேண்டுமே. சுத்தமான திரவ அம்மோனியா தேடி அலைவதைவிட எளிய வழி, மார்க்கெட்டில் வாங்கிய இறாலில் ஒன்றிரண்டை எடுத்துக் கொசுவலைத் துணியில் முடிந்து தொட்டிக்குள் தொங்கவிடுவது. அம்மாவுக்குத்தான் பொறுக்கவில்லை. "மீன் வளர்க்கறேன்னுட்டு இறாலை அழுக வைக்கிறியேடா!" வாடையும் வந்தது, மறைக்க முடியாது. இரண்டாம் மூன்றாம் நாளில் தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியது, அது தானாகத் தெளிந்துவிடும். வருஷக்கணக்காகத் தொட்டி வைத்திருக்கும் நண்பர் ஒருவரிடம் அவர் ஃபில்டர் ஸ்பாஞ்சை வாங்கி, காயவிடாமல் தொட்டித் தண்ணீரிலேயே கொண்டுவந்து, என் தொட்டிக்குள் பிழிந்தேன். பாலுக்கு உறைமோர் ஊற்றுவது மாதிரிதான். ஆனால் நோய் இல்லாத தொட்டி என்று நமக்கே நிச்சயமாகத் தெரிந்த இடத்திலிருந்து மட்டும் வாங்க வேண்டும், ஸ்பாஞ்சோடு நோயும் வரும்.

டெஸ்ட் கிட்டில் அம்மோனியாவுக்குக் குப்பியில் தண்ணீர் எடுத்துச் மருந்துச் சொட்டு விட்டால், அம்மோனியா இல்லாதபோது மஞ்சள், கூடக்கூடப் பச்சை. முதலில் அது கரும்பச்சை, 4 பிபிஎம் (பத்து லட்சத்தில் 4 பங்கு). இறாலை வெளியே எடுத்துவிட்டேன் (அம்மா அன்றைக்கு நிம்மதியாகச் சாப்பிட்டார்). பச்சை வெளுக்க ஆரம்பித்தபோது நைட்ரைட் குப்பி ஊதாவானது. அந்த ஊதா நகரவே மாட்டேன் என்று நின்றது, பொறுமையைச் சோதிப்பது இந்தக் கட்டம்தான். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு, பாக்டீரியா பட்டினி கிடக்காமல் மீன் தீவனத்தைக் கொஞ்சம் பொடித்துத் தூவிக்கொண்டே இருந்தேன். ஒரு மாதத்தை ஒட்டி, தீவனம் தூவிய மறுநாளும் குப்பி மஞ்சளாக, மற்றது வெறும் நீலமாக வந்தது. அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் ஏறியிருந்தது. பெரிய தண்ணீர் மாற்றம் ஒன்று செய்துவிட்டுக் கொளத்தூருக்குக் கிளம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை கொளத்தூர் மீன் கடைகளில் நிற்க இடமிருக்காது, வார நாளில் போனால் தொட்டி தொட்டியாக நின்று பார்க்கலாம். நான் பார்ப்பது இரண்டு விஷயம். தொட்டியில் செத்த மீன் கிடக்கிறதா, ஏதாவது மீன் துடுப்பை மடக்கிக்கொண்டு மூலையில் நிற்கிறதா. இருந்தால் அந்தத் தொட்டியில் நன்றாக இருக்கிற மீனையும் வாங்குவதில்லை. பிளாட்டியில் ஆண் பெண் பார்ப்பது சுலபம்: வயிற்றுக்குப் பின்னால் கீழே இருக்கும் துடுப்பு விசிறியாக விரிந்திருந்தால் பெண், குச்சிபோலக் கூராக இருந்தால் ஆண். இரண்டு ஆணும் நான்கு பெண்ணும் கேட்டேன். ஆண் அதிகமானால் பெண் மீன்களைத் துரத்தித் துரத்திச் சாகடித்துவிடும். "கடைத் தண்ணி என்ன டிடிஎஸ் அண்ணே?" என்றதற்கு, மீட்டரையே முக்கிக் காட்டினார், 700. என் தொட்டிக்குப் பக்கத்தில்தான்.

வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, பையைக் கட்டவிழ்க்காமல் இருபது நிமிடம் மிதக்கவிட்டேன். சூடு சமமான பிறகு, பையைத் திறந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரை விட்டு, வலையால் மீனை மட்டும் எடுத்து உள்ளே விட்டேன். பைத் தண்ணீர் சாக்கடைக்கு. அன்றைக்குத் தீவனம் கிடையாது.

மோலிகளை உடனே வாங்கவில்லை. ஆறு பிளாட்டிக்கு ஏற்ற பாக்டீரியா இருக்கிறது என்பதால் அதே நாளில் பன்னிரண்டைத் தாங்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. முதல் வாரம் தினமும் அம்மோனியா பார்த்தேன், மஞ்சள் மாறவில்லை. இப்போது வாரத்துக்கு ஒருமுறை கால்பங்குத் தண்ணீர் மாற்றுகிறேன். பெண் பிளாட்டி ஒன்றுக்கு வயிறு பெருத்துவிட்டது. கடையிலேயே சினையாகியிருக்கும், அதோடு, ஒருமுறை சேர்ந்தால் ஆணின் விந்தைச் சேமித்துவைத்து அடுத்தடுத்தும் குட்டி போடும். மேலே மிதக்கப் பாசிச்செடி வாங்கிப் போட்டிருக்கிறேன், குட்டிகள் பெரியதுகளிடமிருந்து தப்பி ஒளிந்துகொள்ள. எத்தனை மிஞ்சுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் மோலியைப் பற்றி யோசிக்க வேண்டும்.