ஆறு ஸ்கூலுக்கு ஒரே ஸ்டெம் சென்டர்: மெஷின் வாங்கினது ஈஸி, மத்ததுதான்...

எங்க கல்வி மாவட்டத்துல ஆறு ஸ்கூலுக்கும் சேர்த்து பொதுவா ஒரு ஸ்டெம் சென்டர், அதாவது சயின்ஸ், டெக்னாலஜி, இன்ஜினியரிங், மேத்ஸ் எல்லாம் பசங்க கையால செஞ்சு கத்துக்கற இடம், போடலாம்னு முடிவாச்சு, நீங்கதான் பிசிக்ஸ் சார், நீங்களே பாத்துக்கோங்கன்னு என் தலையில கட்டிட்டாங்க. ஐடியா நல்ல ஐடியாதான், தப்பு சொல்ல மாட்டேன். லேசர் கட்டரை ஆளாளுக்கு ஒண்ணு வாங்கி பூட்டி வெக்கறதுக்கு, ஒரே இடத்துல வெச்சு தினமும் ஓட்டலாம். இடம் பாத்தது, லிஸ்ட் போட்டது, கொட்டேஷன் வாங்கினது எல்லாம் ரெண்டு மாசத்துல முடிஞ்சது. "பொது"ங்கற அந்த ஒரு வார்த்தைதான் மீதி ஒரு வருஷத்தை முழுங்கிடுச்சு.

பொருள் வந்து இறங்கினதும் பில்லை எடுத்துக்கிட்டு ஆபீசுக்கு போனேன். கிளார்க் ஒரு புரட்டு புரட்டிட்டு, "இது எந்த ஸ்கூல் ஸ்டாக் ரெஜிஸ்டர்ல ஏறும் சார்?"னு கேட்டார். ஆறு ஸ்கூலுக்கும் பொதுங்கன்னேன். "பொதுன்னு ரெஜிஸ்டர் கிடையாதே சார்"னு சொல்லி பில்லை என் பக்கமே தள்ளிட்டார், பேனா மூடியக் கூட திறக்கல. சரின்னு ஹெச்எம்ங்ககிட்ட போனா, எலக்ட்ரானிக்ஸ் கிட்டு எங்க பசங்களுக்கும் வேணும்னு சண்டை போட்டவங்க அத்தனை பேரும் "ஒடஞ்சா யாரு பதில் சொல்றது"ன்னு நைசா நழுவிட்டாங்க. ரெண்டாவது தடவை ஆபீசுக்கு போனா அவர் லீவு, பக்கத்து சீட்ல இருந்தவர் தீர்மான நகல் இல்லாம வந்து என்ன பிரயோஜனம்னு திருப்பி அனுப்பிட்டார். ஸ்டாக்ல ஏறாம சீல் பிரிக்கக் கூடாதாம், 19 நாள் பெட்டியெல்லாம் வராண்டாவுல கிடந்துச்சு, வாரண்டி மட்டும் டெலிவரி ஆன தேதியிலேர்ந்தே ஓட ஆரம்பிச்சிருச்சு.

கடைசியில தீர்ந்தது ஒரே ஒரு பக்கக் கடுதாசியால. ஒரு ஸ்கூல் பொறுப்புப் பள்ளி, எல்லாம் அவங்க ரெஜிஸ்டர்ல ஏறும், மத்த அஞ்சும் உபயோகிக்கற பள்ளி, ரிப்பேர் செலவு அந்தந்த ஸ்கூல்லேர்ந்து எத்தனை பசங்க வர்றாங்களோ அந்தக் கணக்குல. ஆறு ஹெச்எம் கையெழுத்து. இதை கொட்டேஷனுக்கு முன்னாடியே வாங்கியிருக்கணும், வாங்கல, என் தப்புதான். நீங்க யாராவது இந்த வேலையில எறங்கினா முதல் பேப்பர் இதுவா இருக்கட்டும், சாவி யார்கிட்ட இருக்கும்ங்கறதையும் அதுலயே எழுதிடுங்க. எங்களுக்கு அது விட்டுப்போச்சு, சாவி வெச்சிருந்தவர் ட்ரெயினிங் போன அன்னைக்கு ஒரு ஸ்கூல் பசங்க வாசல்லயே நின்னு பாத்துட்டு பஸ் ஏறி போயிட்டாங்க.

முதல் கிளாஸ் அதவிட மோசம். 30 பசங்க வந்து உக்காந்தாச்சு, ஆர்டுயினோ ஊனோன்னு, புரோகிராம் ஏத்தி ஓட்டற குட்டி எலக்ட்ரானிக் போர்டு, அதுல எல்ஈடி மினுக்க வெக்கறதுதான் பாடம், போர்டை லேப்டாப்புல சொருகினா லேப்டாப் அதை கண்டுக்கவே இல்ல. கேபிளை மாத்தறேன், லேப்டாப்பை மாத்தறேன், ம்ஹூம். அப்புறம்தான் கண்ணாடியை கழட்டிட்டு போர்டை கண்ணுகிட்ட கொண்டுபோய் பாத்தேன், யூஎஸ்பி சாக்கெட் பக்கத்துல இருக்கற குட்டி சிப் மேல சிஎச்340ன்னு போட்டிருக்கு. விலை குறைவுன்னு வாங்கின நகல் போர்டுங்க, லேப்டாப்போட பேசறதுக்கு அந்த சிப்புக்கு டிரைவர்ங்கற சாஃப்ட்வேர் தனியா போடணும், எங்க லேப்டாப்புல டிரைவர் போட அட்மின் பாஸ்வேர்டு வேணும், பாஸ்வேர்டு தெரிஞ்ச ஒரே மனுஷன் அன்னைக்கு போனை எடுக்கல. ரெண்டு மணி நேரமும் பேப்பர்ல சர்க்யூட் வரைய வெச்சேன். ஒரு பொண்ணு, "சார், இதுக்கு எங்க கிளாஸ்லயே இருந்திருக்கலாமே"ன்னு கேட்டுச்சு. என்னத்த சொல்ல! கிட்டு வந்த அன்னைக்கே பசங்க உபயோகிக்கப்போற அதே லேப்டாப்புல, பசங்களோட லாகின்லயே ஒரு புரோகிராம் ஏத்தி பாத்துடுங்க. உங்க சொந்த லேப்டாப்புல ஓடறதெல்லாம் கணக்கே இல்ல.

அப்புறம் டைம். ஷெட்யூல்ல ரெண்டு மணி நேரம்னு அழகா இருக்கும், ஆனா ஆறு ஸ்கூலுக்கும் ஆறு விதமா பெல் அடிக்கும், பஸ் வந்து, அட்டெண்டன்ஸ் எடுத்து, உக்காந்து ஆரம்பிச்சா கையில மிஞ்சறது 50 நிமிஷம். 3டி பிரிண்டர்ல ஒரு சின்னப் படகு பொம்மை போடவே ஒண்ணரை மணி நேரம் ஆகலாம்! இப்ப வாரம் ரெண்டு பீரியடுங்கறதை தூக்கிட்டு, மாசத்துக்கு ஒரு முழு நாள்னு மாத்திட்டோம். டிசைனை பசங்க முன்னாடியே அனுப்பிடறாங்க, வர்ற அன்னைக்கு காலையில மெஷின் ஓடிட்டிருக்கும். பிரிண்டர் உருக்கிப் போடற பிளாஸ்டிக் இழை இருக்கே, பிஎல்ஏ ஃபிலமெண்ட், அதை வெளிய விட்டுடாதீங்க, காத்துல ஈரத்தை இழுத்துக்கும், இழை உருகி வெளிய வர்ற நாசில்லேர்ந்து பட்பட்னு சத்தம் வரும், பொம்மை மேல நூல் நூலா தொங்கும். மூடி டைட்டா இருக்கற டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வெச்சதுலேர்ந்து அந்தத் தொல்லை இல்ல.

லேசர் கட்டர் விஷயத்துலதான் ஒரு தடவை நெஞ்சு பக்குன்னு ஆச்சு. ஒரு ஸ்கூல்லேர்ந்து அக்ரிலிக்னு சொல்லி ஷீட் குடுத்து விட்டிருந்தாங்க, எடுத்துப் பாத்தா கொஞ்சம் வளையுது, எனக்கு சந்தேகம். பிவிசியா இருந்தா லேசர்ல வெட்டவே கூடாது, ஹைட்ரஜன் குளோரைடு வரும், மூச்சுக்கும் கேடு, மெஷின் உள்ள இரும்பெல்லாம் துருப்பிடிச்சு போயிடும், எக்ஸாஸ்ட் ஓடுதேன்னு தைரியமா வெட்டற விஷயம் இல்ல. கெமிஸ்ட்ரி மேடம்கிட்ட காட்டினேன். அவங்க லேப்ல புகையை வெளிய இழுக்கற ஃப்யூம் ஹூட்ல செப்புக் கம்பியை சிவக்கற வரைக்கும் காய்ச்சி, ஷீட்டு ஓரத்துல வெச்சு எடுத்து, திரும்ப தீயில காட்டினாங்க. பச்சையா எரிஞ்சுச்சு. குளோரின் இருக்குன்னு அர்த்தம், அக்ரிலிக்ல அது கிடையாது. ஷீட்டு நேரா திரும்பி போயிடுச்சு. அதை பின்னால நின்னு பாத்த பசங்க, அதுக்கப்புறம் எந்த ஷீட்டு வந்தாலும் "சார், கம்பி டெஸ்ட் ஆச்சா?"ன்னுதான் முதல்ல கேக்கறாங்க. இந்த ஒரு வருஷத்துல எனக்கு நெஜமாவே சந்தோஷம் குடுத்த இடம் அதுதான்.

இப்ப சாவி நாலு பேர்கிட்ட இருக்கு, அட்மின் பாஸ்வேர்டு எனக்கும் தெரியும். அடுத்த வருஷம் பொறுப்புப் பள்ளி மாறணும்னும் அந்தக் கடுதாசியில எழுதியிருந்தோம், அதுக்கான ஃபைலை போன மாசமே குடுத்தாச்சு. நேத்து போய்க் கேட்டேன். ஒரு ரெஜிஸ்டர்லேர்ந்து இன்னொரு ரெஜிஸ்டருக்கு மாத்தறதுக்கு ஃபார்ம் இருக்கான்னு பாத்து சொல்றேன்னார் கிளார்க்.